முந்திரித் தோப்பில் கிடைத்த எலும்பு

கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் ஜேசிபி பள்ளம் எடுக்கும்போது எலும்பு வெளிப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோப்புக்காரர் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்வார், அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பார், சந்தேக மரணமாக வழக்குப் பதிவாகும். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து இதற்கான சட்டப் பிரிவு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 194. அதற்கு முந்தைய கோப்புகளில் பழைய சட்டத்தின்படி சிஆர்பிசி 174 என்று இருக்கும். போலீஸ் வந்து சேர்வதற்குள் ஊரில் ஒரு பெயர் அடிபடத் தொடங்கிவிடும். எலும்பை ஆராய்பவர் அந்தப் பெயரைக் காதில் வாங்காமல் வேலையைத் தொடங்க வேண்டும். பெயர் தெரிந்துவிட்டால், இப்படியும் அப்படியும் சொல்லக்கூடிய அளவெல்லாம் அந்தப் பெயரின் பக்கமே சாயும்.

முதலில் அது மனித எலும்புதானா என்று பார்க்க வேண்டும். முழு எலும்பாக இருந்தால் மூட்டு முனைகளின் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். கடலோரத்தில்தான் குழப்பம் அதிகம். செத்து ஒதுங்கும் ஓங்கிலின் (டால்பின்) பக்கத் துடுப்புக்குள் வரிசையாக விரலெலும்புகள் இருக்கின்றன. தோல் அழுகிப் போனபின் பார்ப்பவர்களுக்கு அது மனிதக் கை போலவே தோன்றும். பங்குனி ஆமையின் துடுப்பும் அப்படித்தான். சிறு துண்டு மட்டும் கிடைத்தால் அதை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். ஆடு மாடுகளின் எலும்பில் செங்கல் சுவர் போல அடுக்கடுக்கான அமைப்புத் தெரியும். மனித எலும்பில் ஓஸ்டியான் எனப்படும் வளையங்கள் சிதறிக் கிடக்கும். அடுக்குத் தெரிந்தால் விலங்கு என்று எழுதலாம். தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து மனிதர் என்று எழுதிவிடக் கூடாது. நாய் எலும்பிலும் வளையங்கள் நிறைய உண்டு.

அடுத்தது, இது வழக்குக்குரிய எலும்பா, தொல்லியலுக்குரியதா என்ற கேள்வி. புதுச்சேரிப் பக்கத்து ஆரோவில், சுத்துக்கேணி பகுதிகளின் செம்மண்ணில் இரும்புக்கால முதுமக்கள் தாழிகள் கிடைத்திருக்கின்றன. எலும்போடு தடித்த தாழி ஓடும் கருப்பு சிவப்புப் பானை ஓடும் வந்தால் தோண்டுவதை அங்கேயே நிறுத்தித் தொல்லியல் துறைக்குச் சொல்லிவிட வேண்டும். ஓடு எதுவும் இல்லாத இடத்தில் கதிரியக்கக் கார்பன் கைகொடுக்கும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் அந்தக் கதிரியக்கக் கார்பன் (கார்பன் 14) ஏறத்தாழ இரு மடங்கானது. அந்தக் கூடுதல் அளவு எலும்பிலோ பல்லிலோ இருந்தால், அவர் அதற்குப் பிறகும் வாழ்ந்தவர்.

இறந்து எவ்வளவு காலம் என்பதை எலும்பின் நிறத்தையும் உளுப்பையும் பார்த்துச் சொல்ல முயல்வது இந்த மாவட்டத்தில் பெரிய ஆபத்து. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. எலும்பின் கனிமத்தை அமிலம் கரைக்கும். சில ஆண்டுகளே ஆன எலும்பும் நூற்றாண்டுப் பழசு போல உளுத்துவிடும், கடைசியில் பல்லின் எனாமல் மட்டும் மிஞ்சும். கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருப்பதால் அங்கே எலும்பு நெடுநாள் உறுதியாக இருக்கும். பிச்சாவரத்துச் சேறு காற்றுப் புகாதது, எலும்பைக் கருக்கும். எனவே எலும்போடு அதன் அடியில் இருந்த மண்ணையும் ஒரு கைப்பிடி எடுத்து, தனி உறையில் இடம் குறித்து அனுப்ப வேண்டும்.

எடுக்கும் முறையில்தான் பல வழக்குகள் பாழாகின்றன. வயது வந்தவருக்கு 206 எலும்புகள். அவற்றில் 106 இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலும் மட்டுமே இருக்கின்றன. மண்வெட்டியால் அள்ளினால் மண்டையோடும் தொடை எலும்பும் வரும், பாதிக்கும் மேற்பட்ட எலும்புகள் மண்ணோடு போகும். முன்பற்களுக்கு ஒற்றை வேர் என்பதால் அவை தாடையிலிருந்து எளிதில் கழன்று விழும். கழுத்து நெரிக்கப்பட்டதா என்ற கேள்வியில் முக்கியமான நாவடி எலும்பும் சின்னதுதான். அதனால் மேல் மண்ணை மட்டும் கரண்டியால் சீவி எடுத்துவிட்டு, எலும்பை ஒட்டி மூங்கில் குச்சியும் தூரிகையும் வைத்தே வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் படமெடுத்து, வரைந்து, பிறகுதான் தூக்க வேண்டும். எடுத்த மண் முழுவதையும் 5 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும். குழந்தை என்று சந்தேகம் வந்தால் 2 மி.மீ. கண் வேண்டும். நாய்கள் இழுத்துப் போயிருந்தால் சுற்றுவட்டத்தையும் தேடியாக வேண்டும்; நாய் கடித்த நீள எலும்பில் முனைகள் கடிபட்டுத் தேய்ந்து, கோரைப்பல் பதிந்த குழிகள் தெரியும்.

ஈர எலும்பை பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ கெடும். காகித உறைதான் சரி. நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் பக்கமே போகக் கூடாது. கழுவுவதற்கு முன் டிஎன்ஏவுக்கான பல்லையும் தொடை எலும்புத் துண்டையும் தனியே எடுத்துவிட வேண்டும்.

ஆய்வு மேசையில் எலும்புகளை உடல் அமைப்பில் பரப்பினால் முதலில் எத்தனை பேர் என்று தெரியும். இரண்டு இடது தொடை எலும்பு இருந்தால் குறைந்தது இருவர். ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பு நன்றாகக் காட்டும்: பெண்ணுக்கு முன்புறக் கீழ்க்கோணம் அகலம், பின்புறப் பள்ளமும் விரிந்திருக்கும். இடுப்பு நல்ல நிலையில் இருந்தால் 100க்கு 95 அளவில் சரியாக வரும். மண்டையோடு மட்டும் என்றால் அதைவிடக் குறைவு. பருவமடையாத பிள்ளைகளின் எலும்பில் இதைச் சொல்ல முயலவே கூடாது. தொடை எலும்பின் பந்து முனை 47.5 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஆண் என்று ஒரு பழைய அமெரிக்க அளவு உண்டு. நம் ஊர் ஆண்கள் பலர் அந்தக் கோட்டைத் தொடுவதில்லை, ஆகவே அதை அப்படியே எடுத்தாண்டால் பல ஆண்கள் ‘தீர்மானிக்க இயலாது’ பட்டியலில் விழுவார்கள்.

வயதைப் பொறுத்தவரை, இளையவராக இருந்தால் துல்லியம் கிடைக்கும். பல் முளைத்த வரிசையும் எலும்பு முனைகள் ஒட்டிய வரிசையும் நல்ல கடிகாரங்கள். கடைசியாக ஒட்டுவது காறை எலும்பின் நெஞ்சுப் பக்க முனை, இருபதுகளில். அதற்குப் பிறகு இடுப்பின் முன்புறம் இரு எலும்புகளும் சந்திக்கும் முகத்தின் தேய்மானத்தைப் பார்க்கிறார்கள். 1990இல் வெளியான சூசி–புரூக்ஸ் முறை அதை ஆறு கட்டங்களாகப் பிரிக்கிறது. 40ஐத் தாண்டியவருக்கு 20 ஆண்டு, சில நேரம் அதற்கும் மேல் அகலமான வரம்புதான் கிடைக்கும். ‘வயது 47’ என்று யாராவது அறிக்கை கொடுத்தால் நம்ப வேண்டாம். மண்டையோட்டு எலும்புகள் சேரும் தையல் கோடுகளை மட்டும் பார்த்து வயது சொல்லும் பழக்கத்தையும் கைவிட வேண்டும், அவை ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறும்.

உயரக் கணக்கில்தான் அயல் அளவுகளின் சிக்கல் நன்றாகப் புரியும். எலும்பளவைப் பலகையில் வைத்த ஆண் தொடை எலும்பு ஒன்று 43 செ.மீ. என்று கொள்வோம். ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சனின் 1899ஆம் ஆண்டுச் சூத்திரம்: 43ஐ 1.88ஆல் பெருக்கி 81.306 கூட்டினால் 162.1 செ.மீ. அமெரிக்க ஆய்வாளர்கள் டிராட்டரும் கிளெசரும் 1952இல் அமெரிக்க வெள்ளையருக்குத் தந்தது: 2.38ஆல் பெருக்கி 61.41 கூட்டினால் 163.8, பிழை இருபுறமும் 3.27. நம் நாட்டு மருத்துவப் பாடங்களில் இருக்கும் பெருக்கெண் 3.6 முதல் 3.8 வரை. நடுவில் 3.7 எடுத்தால் 159.1 செ.மீ. ஒரே எலும்பு, மூன்று விடை, நாலரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. காணாமல் போனோர் பட்டியலில் ஒருவரை வெட்டிவிட அது போதும். டிராட்டரின் கீழ்க்கால் எலும்புச் சூத்திரத்தில் இன்னொரு பிழையும் உண்டு: உள் கணுக்கால் முனையைச் சேர்க்காமல் அளந்துவிட்டார் என்று 1995இல் கண்டுபிடித்தார்கள். முனையைச் சேர்த்து அளந்து அந்தச் சூத்திரத்தில் போட்டால் ஆள் 2.5 முதல் 3 செ.மீ. வரை கூடுதல் உயரமாவார். எந்தச் சூத்திரம், எந்த மக்களின் அளவு, எப்படி அளந்தது என்ற மூன்றையும் எழுதாத உயரத்துக்கு மதிப்பில்லை.

கீழ்க்கால் எலும்பின் அடிமுனையில் முன்பக்கம் ஒரு வழவழப்பான தேய்வு தெரியும். குந்தி உட்கார்வதால் வருவது. வெளிநாட்டில் அது ஒரு துப்பு, இங்கே பெரும்பாலோருக்கும் இருக்கும்.

எலும்பு முறிவுகளில், உயிருள்ள அல்லது இறந்த வேளையில் உடைந்தது வழவழப்பாகச் சாய்ந்து, விளிம்பும் எலும்பின் நிறத்திலேயே இருக்கும். காய்ந்த பின் ஜேசிபி உடைத்தது சொரசொரப்பாக, வெளிறிய விளிம்போடு இருக்கும். இதைப் பிரிக்காமல் வெட்டுக்காயம் என்று எழுதினால் இல்லாத கொலை ஒன்று உருவாகிவிடும்.

இப்போதுதான் பெயர்ப் பட்டியலை எடுக்க வேண்டும். கடலூர் மாவட்டமும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கும் நிலம். பாகூரில் காணாமல் போனவரின் கோப்பு புதுச்சேரி போலீஸிடம் இருக்கும், எலும்பு தென்பெண்ணைக் கரையில் தமிழ்நாட்டு எல்லைக்குள் கிடைக்கலாம். இரண்டு பட்டியலையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அத்தனை அளவும் வீண். பொருந்தக்கூடியவர் கிடைத்தால் வீட்டில் பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறையின் ஓரவடிவம் ஆளுக்கு ஆள் வேறு. எலும்பு முறிவுக்கு வைத்த பிளேட்டில் எண் இருக்கலாம். மண்டையோட்டின் மேல் புகைப்படத்தைப் பொருத்திப் பார்ப்பது 1935இல் இங்கிலாந்தின் ரக்ஸ்டன் கொலை வழக்கில் புகழ்பெற்ற முறை. இவர் அல்ல என்று விலக்குவதற்கு அது நன்று, இவரேதான் என்று நிறுவ அது மட்டும் போதாது.

டிஎன்ஏவில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பு) பகுதி உளுத்த எலும்பிலும் கிடைக்கும். அது தாய்வழியாக மட்டும் வருவது. ஆகவே அம்மா இல்லாவிட்டால் தாய்மாமன், அம்மாவுடன் பிறந்த பெரியம்மா, சித்தி, உடன்பிறந்தவர்கள் என யாருடைய ரத்தமும் ஒப்பிட உதவும். பிள்ளையின் ரத்தத்தோடு தகப்பனின் எலும்பு பொதுவாக இதில் பொருந்தாது. ஆனால் அக்கா மகளைக் கட்டியவர் என்றால் அவரும், அக்காவும், மனைவியும், பிள்ளைகளும், மனைவியின் உடன்பிறந்தவர்களும் ஒரே மைட்டோகாண்ட்ரியா கொண்டவர்கள். பொருந்தியது தகப்பனா, பிள்ளையின் மாமனா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது; மகன் இருந்தால், தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமைப் பார்க்க வேண்டும். மாமன் மகள், அத்தை மகள் கல்யாணத்தில் இந்தச் சிக்கல் வராது. ஆனாலும் மற்ற டிஎன்ஏ கணக்கில் பெற்றோர் உறவற்றவர்கள் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் நிகழ்தகவு பிசகும். ரத்தம் எடுக்கும்போதே என்ன முறையில் கல்யாணம் என்று கேட்டு, ‘சொந்தத்தில்’ என்று மட்டும் எழுதாமல், ‘அக்கா மகள்’ அல்லது ‘மாமன் மகள்’ என்றே படிவத்தில் எழுத வேண்டும்.