பசிக்கிறதே என்று பால் ஊற்றாதீர்கள்

கோடை மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலை என் தொலைபேசி ஓயாது. பெங்களூரின் பழைய தெருக்களில் தூங்குமூஞ்சி மரங்களும் மயிற்கொன்றைகளும் கிளை ஒடிந்து கிடக்கும். கிளையோடு அணில் கூடும் காக்கைக் கூடும் பருந்துக் கூடும் விழுந்திருக்கும். காட்டுயிர்களுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரான எனக்கு ஏப்ரலும் மே மாதமும் தூக்கம் குறைந்த மாதங்கள்.

அப்படி ஒரு காலையில் அல்சூரிலிருந்து ஒரு பாட்டி வந்தார். கையில் பிஸ்கட் டப்பா. அதற்குள் மடித்துப் போட்ட பழைய புடவைத் துணியில் இன்னும் கண் திறக்காத ஓர் அணில் குட்டி. முகவாயில் பால் காய்ந்து மயிர் ஒட்டிக் கிடந்தது. மூச்சு விடும்போதெல்லாம் மூக்கில் ஒரு வெள்ளைக் குமிழ் எழுந்து உடைந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத அந்த நெஞ்சுக்குள் கொரகொரவென்று ஈரச் சத்தம்.

"ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது டாக்டர் அம்மா. மனசு கேட்கவில்லை. சொட்டு மருந்துக் குழாயில் இரண்டு தடவை பால் கொடுத்தேன்" என்றார்.

குட்டி அன்று இரவைத் தாண்டவில்லை. மறுநாள் பாட்டி விசாரித்தபோது, பால்தான் நுரையீரலுக்குள் போய்விட்டது என்பதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு சொன்னேன். அந்தத் தெருவில் அடுத்த குட்டி விழுந்தால் அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

என்னிடம் வந்து இறக்கும் குட்டிகளில் பலவற்றைக் கொன்றது காயம் அல்ல, ஊட்டியதுதான். சொல்வதற்கே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் ஊட்டிய கைகள் எல்லாம் அன்பான கைகள். பசித்த வாயைப் பார்த்தால் எதையாவது கொடுத்தாக வேண்டும் என்றுதான் நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். ஆனால் விழுந்து கிடக்கும் குட்டி உடம்பு சில்லிட்டுப் போயிருக்கும். குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது. விழுங்கும் வலுவும் இருக்காது. ஊற்றியது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். பறவைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அலகைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருப்பது தெரியும். மேலிருந்து சொட்டும் தண்ணீர் நேராக அதற்குள்தான் விழும். பால் பறவைக்கு எந்த வயதிலும் உணவே அல்ல. அணிலுக்கும் பசும்பால் ஒத்துக்கொள்ளாது. தாய் அணிலின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம்.

அப்படியானால் என்னதான் செய்வது? காற்றோட்டத்துக்குத் துளையிட்ட ஓர் அட்டைப் பெட்டி போதும். உள்ளே பழைய பருத்தித் துணி. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு மிகுந்தால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். இன்னும் நகரத் தெரியாத குட்டி என்றால் துண்டைத் தடிப்பாகச் சுற்றி, புறங்கையால் தொட்டு இதமாக இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியை மூடி, தொலைக்காட்சிச் சத்தமும் பிள்ளைகளின் கூட்டமும் இல்லாத இருட்டறையில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுங்கள். உங்கள் கையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவை உங்களை நம்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது பயத்தில் உறைந்து போயிருக்கிறது. தடவிக் கொடுப்பதும் அதற்கு வேட்டை மிருகத்தின் பிடிதான்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் குஞ்சைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இருக்கிறதா? சிறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தரையில் தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு பறக்கப் பழகுகிறது. தாயும் தந்தையும் பக்கத்துக் கிளையில்தான் இருப்பார்கள். பூனை, நாய் எட்டாத ஒரு செடியின் மேல் ஏற்றிவிட்டு விலகினால் போதும். ஜீவனஹள்ளியிலிருந்து ஒருவர், காக்கைகள் கொத்த வந்ததால் காப்பாற்றினேன் என்று ஒரு குயில் குஞ்சைக் கொண்டுவந்தார். விசாரித்தால், அந்தக் காக்கைகளில் ஒன்று வாயில் இரையோடு வந்திருக்கிறது. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும், காக்கைதான் குஞ்சை வளர்க்கும். ஊட்ட வந்த வளர்ப்புத் தாயிடமிருந்துதான் அவர் குஞ்சைப் பிரித்திருந்தார். அன்று மாலையே அதே மரத்தடியில் கொண்டுபோய் விட்டோம்.

சிறகு முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். எத்தனை குஞ்சுகள் இந்த ஒரு சொல்லை நம்பி அநாதையாக்கப்பட்டிருக்கின்றன!

கரும்பருந்துகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆடிக் காற்றில் பட்டம் விடும் பருவம் வந்தால் மாஞ்சா நூலில் சிக்கிய பருந்துகள் வரத் தொடங்கும். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. மரங்களில் அது இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே மெல்லிய தோல் ஒன்று உண்டு, பறவை காற்றில் ஏறுவது அதை நம்பித்தான். நூல் அறுப்பது சரியாக அந்த இடத்தைத்தான். சதைக்குள் இறங்கிய நூலைத் தயவுசெய்து இழுக்காதீர்கள். இழுத்தால் ரம்பம்போல மீதித் தோலையும் தசைநாரையும் அறுத்துவிடும். இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டுக் கத்தரித்து, பறவையின் மேல் தடித்த துண்டைப் போர்த்தி, அப்படியே பெட்டியில் வையுங்கள். கால் நகங்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

குரங்கு, வௌவால், கீரி இவற்றை வெறுங்கையால் தொடவே கூடாது. மின்கம்பியில் இறந்த தாயின் மார்பில் குட்டி உயிரோடு தொற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனம் பதறும். பதறிக் கை நீட்டிக் கடி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பாம்பு என்றால் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.

"நானே வளர்த்துக்கொள்கிறேன், பிள்ளைபோலப் பார்த்துக்கொள்வேன்" என்று கேட்பவர்களிடம் ஓர் எக்ஸ்ரே படத்தைக் காட்டுவேன். பாலும் பிஸ்கட்டும் சோறும் கொடுத்து இரண்டு மாதம் வீட்டில் வளர்ந்த அணில் அது. சோபாவிலிருந்து குதித்ததில் பின்னங்கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. படத்தில் எலும்புக்கும் சதைக்கும் வித்தியாசமே தெரியாது. சுண்ணாம்புச் சத்து இல்லாமல் முதுகெலும்பு நூல்போல மங்கிக் கிடக்கும். வளர்த்த பெண் அதற்குத் தன் தலையணையில் இடம் கொடுத்திருந்தாள். வலியில்லாமல் அதை உறங்கவைப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுயிர் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்தாக வேண்டும். கூண்டுப் பச்சைக்கிளிக்கும் விலக்கு இல்லை.

கன்னடம் சரளமாக வராது என்று தயங்கித்தான் நம்மவர்களில் பலர் யாரையும் அழைப்பதில்லை. கர்நாடக வனத்துறையின் உதவி எண் 1926. கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் காட்டுயிர் மருத்துவமனை இருக்கிறது. என்ன விலங்கு, எந்த இடம், எப்போது கிடைத்தது என்ற மூன்றையும் தெரிந்த மொழியில் சொன்னாலே போதும். ஒரு படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. கிடைத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள், குணமானபின் அங்கேயேதான் விட வேண்டும்.

அல்சூர்ப் பாட்டி அடுத்த மாதமே மறுபடி அழைத்தார். இந்த முறை ஏ.சி. பெட்டியைக் கழற்ற வந்தவர்கள் கூட்டைக் கலைத்துவிட்டார்கள், இரண்டு குட்டிகள். "பால் கொடுக்கவில்லை அம்மா. வெந்நீர் பாட்டில் வைத்திருக்கிறேன். இப்போது சொல், என்ன செய்யட்டும்?" குட்டிகளின் உடம்பு வெதுவெதுப்பாக இருக்கிறது, காயமும் இல்லை என்றார். கலைந்த கூட்டின் நாரையும் பஞ்சையும் ஒரு சிறிய பூக்கூடையில் போட்டு, குட்டிகளை அதில் வைத்து, கூடு இருந்த இடத்துக்கு மிக அருகில் கட்டிவிட்டு எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொன்னேன். ஒரு மணி நேரம் எந்தச் செய்தியும் இல்லை. பிறகு பாட்டியே அழைத்தார். ஜன்னல் ஓரத்தில் நின்றிருப்பார்போல, குரலைத் தாழ்த்திக் கிசுகிசுத்தார். "வந்துவிட்டது. ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு மாமரத்துக்குப் போனது. இரு, இரு, இன்னொன்றுக்கும் வருகிறது."