கிளிட்ச்: தானாகச் சறுக்குவதும் சறுக்க வைப்பதும்

திரை ஒரு கணம் நடுங்கி நின்றால் கிளிட்ச். செயலி ஒரே தொகையை இரண்டு முறை காட்டினால் கிளிட்ச். கணினி விளையாட்டில் வீரன் சுவருக்குள் பாதி புதைந்து நின்றால் அதுவும் கிளிட்ச். தமிழில் இதற்கெல்லாம் 'கோளாறு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். பெரிய தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சொல்லை வினையாக, அதுவும் ஒருவர் இன்னொன்றின்மீது செய்கிற வினையாக வைத்துப் புழங்கிய ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்குக் கிளிட்ச் என்பது வருவது இல்லை, கொடுப்பது. கார்டு செத்துக் கிடந்தால் ஒரு கிளிட்ச் கொடுத்து எழுப்புவார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் 'கோளாறு' கைகொடுக்காது. கார்டுக்குக் கோளாறு கொடுத்தேன் என்று யார் சொல்வார்?

செயற்கைக்கோள் தொலைக்காட்சிப் பெட்டியில் செருகும் ஸ்மார்ட் கார்டை நோண்டியவர்கள்தான் அந்தக் கூட்டம். அவர்களிடம் போகும் முன்பு, சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழியில் 'கிளிட்ஷ்' என்றால் வழுக்கும் இடம். ஜெர்மனில் 'கிளிட்ஷென்' என்றால் வழுக்குதல். இந்த வழியாகத்தான் சொல் அமெரிக்க ஆங்கிலத்துக்குள் வந்தது என்பது பெரும்பாலான அகராதிகளின் கருத்து. 1940களில் அமெரிக்க வானொலிக்காரர்கள் ஒலிபரப்பில் நேரும் தவறுக்கு இதைச் சொன்னார்கள். அறிவிப்பாளருக்கு வாய் தவறினாலோ, தப்பான இசைத்தட்டு ஓடினாலோ அது கிளிட்ச். 1950களில் தொலைக்காட்சிப் பொறியாளர்கள் அதை எடுத்துக்கொண்டு, படத்தில் தெரியும் திடீர்ப் பழுதுக்குப் பெயராக்கினார்கள். 1962இல் விண்வெளி வீரர் ஜான் கிளென் இதை விளக்கி எழுதினார்: மின்னழுத்தம் சட்டென்று துள்ளுவதுதான் கிளிட்ச் என்பது அவர் கொடுத்த பொருள். அதன் பிறகுதான் சொல் பொதுமக்கள் வாய்க்கு வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தொலைக்காட்சி நிலையத்துக்குள் வளர்ந்த இந்தச் சொல், நாற்பது ஆண்டு கழித்துத் தொலைக்காட்சியின் பூட்டைத் திறப்பவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. அங்கே அதன் பழைய பொருளான வழுக்கலும், கிளென் சொன்ன மின்னழுத்தத் துள்ளலும் ஒன்றாகக் கலந்தன.

சரி, அந்தப் பூட்டு எப்படிப்பட்டது? செயற்கைக்கோள் சமிக்ஞை எல்லார் கூரைமீதும் ஒரே மாதிரிதான் விழுகிறது. பணம் கட்டியவர், கட்டாதவர் என்று அதற்குப் பேதம் கிடையாது. பேதம் பார்ப்பது கார்டு. 85.6 மில்லிமீட்டர் நீளம், 0.76 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பிளாஸ்டிக், அதில் பொன்னிறத் தகடு, தகட்டுக்கு அடியில் ஒரு குட்டிக் கணினி. எந்த அலைவரிசையைத் திறக்கலாம் என்று முடிவெடுப்பது அதுதான். பூட்டும் சாவியும் வாடிக்கையாளர் வீட்டிலேயே கிடக்கின்றன. ஆர்வக்காரர்களை இழுத்ததும் இதுதான்.

ஐரோப்பாவில் ஆரம்பக்கால வித்தைகள் மிக எளிமையானவை. சில கார்டுகள் எல்லா அலைவரிசைகளும் திறந்த நிலையிலேயே வந்தன. பணம் கட்டாதவற்றை மூடும்படி பின்னால் வானிலிருந்து கட்டளை வரும். அந்தக் கட்டளையை நினைவகத்தில் எழுதக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும், அது தகட்டில் ஒரு தனி முனை வழியாக வரும். அந்த முனைமீது ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால் போதும், கார்டால் எதையும் எழுதிக்கொள்ள முடியாது, மூடவும் முடியாது. 1994 வாக்கில் ஜெர்மனியில் இருந்த, 'ஸ்டார் டிரெக்' என்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களின் கதை இன்னொன்று. பிரிட்டிஷ் அலைவரிசை அவர்களுக்குச் சந்தா விற்கவே இல்லை. கார்டின் வேலையைக் கணினியே செய்யும்படி நிரல் எழுதப்பட்டது. தொடரின் ஏழாவது பருவத்தைப் பார்ப்பதற்கென்று பிறந்ததால் நிரலுக்கு 'சீசன்7' என்று பெயர், பெட்டியையும் கணினியையும் இணைக்கும் சிறு சுற்றுப் பலகைக்கும் 'சீசன்' என்றே பெயர் நின்றுவிட்டது. சொல்லின் மீது ஆசை உள்ளவர்களுக்கு இந்த மாதிரிப் பெயர்க்கதைகள் விருந்து.

அமெரிக்காவில் கதை இன்னும் பெரிது. டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனம் 1994இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் கார்டுகளைத் தலைமுறைவாரியாக எஃப், எச், எச்யூ என்று எழுத்துகளால் அழைத்தார்கள். நோண்டியவர்கள் தங்களை 'டெஸ்டர்' என்று சொல்லிக்கொண்டார்கள், அதாவது சோதிப்பவர். விற்பவரை 'டீலர்' என்று தனியாகப் பிரித்தார்கள். டெஸ்டர்களில் பலர் சும்மா இலவசமாகப் படம் பார்க்க வந்தவர்கள்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும் என்று இரவு இரவாக உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள், அந்தக் கலைச்சொற்கள் பிறந்தது அவர்களிடம்தான்.

நிறுவனம் சும்மா இருக்குமா? பணம் கட்டாமலே அலைவரிசைகளைத் திறக்கும்படி திருத்திய கார்டுகளை அடையாளம் கண்டு முடக்கும் கட்டளைகளை வானிலிருந்து அனுப்பும். இதை 'எலக்ட்ரானிக் கவுண்டர் மெஷர்', சுருக்கமாக இ.சி.எம். என்பார்கள். தமிழில் 'எதிர்நடவடிக்கை' என்றால் பொருந்தும். அடி வாங்கிய கார்டு, மின்சாரம் கிடைத்ததும் தன்னைத் தானே ஒரு முடிவில்லாத சுற்றுக்குள் தள்ளிக்கொள்ளும். தமிழ்நாட்டுக் கணினிப் பாடநூல் மாணவருக்கு இது தெரிந்த சொல்தான்: முடிவிலா மடக்கு. டெஸ்டர் மொழியில் கார்டு 'லூப்' ஆகிவிட்டது.

2001 ஜனவரி 21, ஞாயிறு. 'சூப்பர் பௌல்' எனும் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டிக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. நிறுவனம் பல மாதமாகச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கார்டுக்குள் இறக்கி வைத்திருந்த நிரல் ஒன்றாகச் சேர்ந்து அன்றைக்கு வேலை செய்தது. ஒரு முறை எழுதினால் அழிக்கவே முடியாத நினைவிடத்தில் அது எழுதியது. திருத்திய எச் கார்டுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. டெஸ்டர்கள் அந்த நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். கார்டில் திருத்தி எழுதப்பட்ட எட்டு பைட்டுகளைப் படித்தால் 'கேம் ஓவர்' என்ற ஆங்கில எட்டெழுத்து வந்தது என்பது அந்த வட்டத்தில் எல்லாரும் சொல்லும் கதை.

இங்கேதான் கிளிட்ச் வருகிறது.

கார்டுக்குள் இருக்கும் கணினிக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. வெளியே இருக்கும் பெட்டி தகட்டின் ஒரு முனை வழியாகத் துடிப்புகளை அனுப்பும், ஒவ்வொரு துடிப்புக்கும் கார்டு ஓரடி எடுத்து வைக்கும். நொடிக்கு 50 லட்சம் துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஓரடிக்கு 200 நானோநொடி. அதற்குள் மின்குறிகள் எல்லாம் கம்பிகளில் ஓடி நிலைகொள்ள வேண்டும். இப்போது நடுவில் ஒரே ஒரு துடிப்பை மட்டும் மிகச் சீக்கிரமாக அனுப்பினால்? குறிகள் நிலைகொள்ளும் முன்பே கார்டு அடுத்த அடியை வைத்துவிடும். தப்பான கட்டளையைப் படிக்கும், அல்லது ஒரு கட்டளையை விட்டுவிட்டுத் தாண்டிப் போகும். மின்னழுத்தத்தை ஒரு கணம் கீழே இறக்கினாலும் இதே விளைவுதான். அந்த விடுபட்ட கட்டளை "இந்தக் கார்டு முடக்கப்பட்டதா என்று பார், ஆமெனில் மடக்குக்குள் போ" என்பதாக இருந்துவிட்டால், முடக்கம் இருந்தும் இல்லாதது போல் கார்டு எழுந்து நடக்கும்.

இதைச் செய்யும் கருவிக்கு 'அன்லூப்பர்' என்று பெயர். கைக்கு அடக்கமான ஒரு சுற்றுப் பலகை, கார்டு செருக ஒரு வாய், கணினிக்கு ஒரு கம்பி. கார்டைத் தொடங்கிவைத்து, துடிப்புகளை எண்ணிக்கொண்டே வந்து, குறிப்பிட்ட எண்ணில் ஒரு கிளிட்ச். பதில் இல்லை. எண்ணை ஒன்று கூட்டி மறுபடியும். பதில் இல்லை. கிளிட்சின் அகலத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடியும். இப்படி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் முயற்சி. மனிதன் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்புறம் திடீரென்று ஒரு வரி நிரம்பும். உயிருள்ள எந்த ஸ்மார்ட் கார்டும் தொடங்கியவுடன் அனுப்பும் முதல் பைட் விதிப்படி 3பி அல்லது 3எஃப். செத்துக் கிடந்த கார்டு அந்த ஒரு பைட்டைச் சொல்லிவிட்டால் போதும், கதவு திறந்துவிட்டது என்று பொருள்.

ஆர்வக்காரர்கள் கைப்பழக்கத்தில் செய்ததை ஆய்வாளர்கள் ஏற்கெனவே கவனித்திருந்தார்கள். ராஸ் ஆண்டர்சனும் மார்கஸ் கூனும் 1996இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், கார்டு தன் பதிலை பைட் பைட்டாக அனுப்பும் சுழற்சியைக் கிளிட்சால் குலைத்தால், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் தன் நினைவகத்தையே கொட்டிவிடும் என்று காட்டினார்கள். 2011இல் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியின் பாதுகாப்பு உடைந்ததும் இதே தத்துவத்தால்தான். இன்றைக்குச் சில்லு தயாரிப்பவர்களே தங்கள் சில்லைக் கிளிட்ச் கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

டெஸ்டர்களின் கதை நீதிமன்றத்தில் முடிந்தது. எல்லை தாண்டி வந்த அமெரிக்கச் சமிக்ஞையை உடைத்துப் பார்ப்பதும் குற்றமே என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் டைரக்டிவி 20,000 பேருக்கு மேல் வழக்குப் போட்டது. விற்பனையாளரின் வாடிக்கையாளர் பட்டியலில் பெயர் இருந்தாலே கடிதம் வந்தது, சுமார் 3,500 டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளச் சொல்லி. கார்டு எழுதும் கருவியை வேறு வேலைக்கு வாங்கியவர்களும் இதில் மாட்டினார்கள். வெறுமனே அந்தக் கருவியை வைத்திருந்ததற்காக வழக்குப் போடுவதில்லை என்று 2004இல்தான் நிறுவனம் ஒப்புக்கொண்டது. திருட்டைத் தடுக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. கருவி வாங்கியவனையெல்லாம் திருடன் என்று எண்ணியது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி தமிழ்ச் சொல். முதலில் தோன்றுவது 'வழு'. தொல்காப்பியர் காலத்துச் சொல். திணை வழு, பால் வழு, கால வழு என்று இலக்கணத்தில் பிழையைக் குறிக்கும். வழுவுதல், வழுக்குதல் இரண்டும் அதன் உறவுதான். ஆக, வழுக்கலில் பிறந்து பிழைக்குப் பெயரானது வழு, வழுக்கலில் பிறந்து பழுதுக்குப் பெயரானது கிளிட்ச். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. இந்த ஒற்றுமையைப் பார்த்தபோது இதுவே போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் தமிழ்க் கணிமையில் 'வழு' ஏற்கெனவே 'பக்' என்பதற்குக் குடிபுகுந்துவிட்டது. வழு என்பது நிரலிலேயே எழுதப்பட்டிருக்கும் தப்பு, திருத்தும் வரை அங்கேயே இருக்கும். கிளிட்ச் ஒரு கணம் வந்து போவது. அன்லூப்பர் தாக்கும் கார்டில் நிரல் சரியாகத்தான் இருக்கிறது, கால்தான் ஓரிடத்தில் நழுவுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் குழப்பம்.

'பிசகு' நல்ல சொல், ஆனால் அது கணக்கிலும் கைகால் சுளுக்கிலும் தங்கிவிட்டது. 'தடுமாற்றம்' நீண்டுகொண்டே போகும் உணர்வைத் தருகிறது. 'கோளாறு' ஏன் ஆகாது என்று தொடக்கத்திலேயே பார்த்தோம்.

என் தேர்வு 'சறுக்கல்'. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோமே, அந்த அடிதான் இங்கேயும். யானை நல்ல யானைதான், பாதையும் தெரிந்த பாதைதான், ஓரடி மட்டும் நழுவியது. கார்டும் துடிப்புக்கு ஓரடி வைத்து நடப்பதால் உவமை வலிந்து வரவில்லை, அப்படியே பொருந்துகிறது. அடுத்த வசதி, 'சறுக்கவை' என்று பிறவினை ஆக்கலாம். தானாக நேர்ந்தால் சறுக்கியது, டெஸ்டர் செய்தால் சறுக்கவைத்தான். கிளிட்ச் என்ற ஒரே சொல்லில் ஆங்கிலம் இரண்டையும் போட்டு அடைக்கிறது, தமிழ் பிரித்துக் காட்டுகிறது. பேச்சில் சொல்வதானால் 'காலை வாரிவிட்டான்' என்பதும் துல்லியமாக இதேதான், கட்டுரையில் எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும்.

பத்திரிகைகளில் 'சறுக்கல்' பின்னடைவு என்ற பொருளிலும் வருகிறது என்பதால் முன்னால் ஓர் அடை சேர்த்துவிடலாம்: துடிப்புச் சறுக்கல், மின்னழுத்தச் சறுக்கல், சறுக்கல் தாக்குதல். "துடிப்புச் சறுக்கல் கொடுத்து அட்டையின் சரிபார்ப்பைத் தாண்ட வைத்தார்கள்" என்று எழுதினால் தொழில்நுட்பம் தெரியாதவருக்கும் பாதி படம் மனத்தில் விழும்.

அன்லூப்பருக்கு 'மடக்குநீக்கி' என்று சிலகாலம் எழுதிவந்தேன். சறுக்கவைத்து உள்ளே நுழைந்த பிறகு கார்டைத் திருத்தி எழுதி மடக்கை உண்மையிலேயே எடுத்துவிடும் கருவிக்கு அது சரி. ஆனால் கறுப்பு ஞாயிற்றில் செத்த கார்டுகளுக்கு அது பலிக்கவில்லை, எழுதியதை அழிக்க முடியாதே. அவற்றுக்காக வேறொரு பலகை வந்தது. பெட்டிக்கும் கார்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் கார்டை ஒரு தடவை சறுக்கவைத்து மடக்கைத் தாண்டச் செய்யும். மடக்கு அப்படியே இருக்கும். அதை 'மடக்குதாண்டி' என்று வைக்கலாம், மரங்கொத்தி, மீன்கொத்தி மாதிரி.