பாஸ்புக்கில் 436 ரூபாய், 20 ரூபாய்: அந்த இரண்டு வரிகள் எதற்கு?

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இறந்து நான்கு மாதம் கழித்து, கணக்கை முடிப்பதற்காக அவருடைய பாஸ்புக்கை என்னிடம் காட்டினார். மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்தம் ஆகியிருந்தன. "பேங்க்காரங்க ஏதோ எடுத்துக்கிட்டாங்க தம்பி" என்றார். அந்த இரண்டு வரிக்கும் சேர்த்து 4 லட்சம் ரூபாய் தனக்கு வரவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

மத்திய அரசு 2015 மே மாதம் இந்த இரண்டு திட்டங்களையும் தொடங்கியது. 436 ரூபாய்க்கானது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி, அதாவது ஆயுள் காப்பீடு. நோய், விபத்து என எந்தக் காரணத்தால் இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம் கிடைக்கும். 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். தொடர்ந்து கட்டினால் 55 வயது வரை உண்டு. உயிரோடு இருந்தால் பணம் எதுவும் திரும்பி வராது. "கட்டின காசு போச்சே" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். இது சேமிப்பு இல்லை, பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை.

20 ரூபாய்க்கானது சுரக்‌ஷா பீமா, வெறும் விபத்துக் காப்பீடு. வயது 18 முதல் 70 வரை. விபத்தில் இறந்தாலோ, இரண்டு கண், இரண்டு கை அல்லது இரண்டு கால் முழுதாகப் போனாலோ 2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் போனால் 1 லட்சம். மாரடைப்பு விபத்துக் கணக்கில் வராது. பாம்புக் கடியும் மரத்திலிருந்து விழுவதும் வரும். சாலை விபத்துக்குப் போலீஸ் அறிக்கை கேட்பார்கள். பாம்புக் கடி, மரத்திலிருந்து விழுந்தது போன்றவற்றுக்கு ஆஸ்பத்திரிப் பதிவு போதும். அதனால் அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு இவை இரண்டுமே உதவாது. அது தனிக் காப்பீடு. தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

சரி, எங்கே சறுக்குகிறது? மே மாதக் கடைசி வாரத்தில்தான். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை ஒரு வருடக் கணக்கு. பிடித்தம் செய்யும் நாளில் கணக்கில் 456 ரூபாய் இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். நூறு நாள் வேலைக் கூலி வந்த அன்றே மொத்தமாக எடுத்துவிடுகிறவர்களுக்கு இப்படித்தான் போகிறது. திரும்பச் சேரலாம், ஆனால் ஜீவன் ஜோதியில் புதிதாகச் சேர்ந்தாலும் மறுபடி சேர்ந்தாலும் முதல் 30 நாளில் நோயால் இறந்தால் பணம் கிடையாது. விபத்து மரணத்துக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை.

இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு இருக்கிறதா? ஒரு கணக்கில் மட்டும் சேருங்கள். எல்லாவற்றிலும் பிடித்தம் ஆனாலும் ஒரு திட்டத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் கிடைக்காது. கூடுதலாகக் கட்டியதும் திரும்பி வராது.

கிளைமுக்கு ஏஜென்ட் யாரும் தேவையில்லை. இறந்தவருக்குக் கணக்கு இருந்த வங்கிக் கிளையிலோ தபால் நிலையத்திலோ கிளைம் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், நாமினியின் பாஸ்புக் நகல் கொடுத்தால் போதும். விபத்து என்றால் மேலே சொன்ன சான்றுகளும் வேண்டும். முடிந்தவரை 30 நாளுக்குள் கொடுங்கள். நாள் கடந்துவிட்டது என்று நீங்களாகவே விட்டுவிடாதீர்கள், போய்க் கேளுங்கள். அந்த அக்காவையும் அப்படித்தான் மறுநாள் காலையிலேயே கூட்டிக்கொண்டு போனேன்.

இன்று சாயங்காலம் வீட்டில் இருக்கிற எல்லோருடைய பாஸ்புக்கையும் எடுத்து அந்த வரிகளைத் தேடுங்கள். இருந்தால், நாமினியாகப் போட்டிருப்பவரைக் கூப்பிட்டுக் கையால் தொட்டுக் காட்டுங்கள்.