வறட்சிக்கு பிபிஎஃப்எம் தெளிக்கும் முன்

கார்த்திகை பாதியிலேயே மழை ஓய்ந்துவிடும் வருஷங்களில் கரிசல் காட்டு விவசாயிகளிடமிருந்து எனக்குத் தவறாமல் வரும் கேள்வி: "சார், அந்த ரோஸ் கலர் மருந்தை அடிச்சா தண்ணி இல்லாம உளுந்து நிக்குமா?"

நிற்கும், சில நாட்களுக்கு. ஆனால் அதை மருந்து என்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பிபிஎஃப்எம் என்று விற்கும் அந்தப் பாட்டிலில் இருப்பது மெத்தைலோபாக்டீரியம் என்ற பாக்டீரியா. நம் வயல் இலைகளில் ஏற்கெனவே குடியிருப்பதுதான். தெளிப்பதால் எண்ணிக்கை கூடுகிறது. மெத்தனால் மட்டுமே உணவாகக் கலந்த, நுண்ணுயிர் வளர்க்கும் அகர் கூழ்த் தட்டில் ஓர் இலையை லேசாக அழுத்தி எடுத்துவிட்டு மூடி வையுங்கள். நாலைந்து நாளில் அந்த இலையின் வடிவத்திலேயே இளஞ்சிவப்புப் புள்ளிகள் கிளம்பியிருக்கும். பயிற்சிக்கு வரும் விவசாயிகள் போனை எடுத்துப் படம் பிடிப்பது பெரும்பாலும் இந்தத் தட்டைத்தான்.

விஷச்சாராயச் சாவுகளில் அடிபடுகிறதே, அதே மெத்தனால்தான். இலை வளரும்போது செல்சுவரின் பெக்டினிலிருந்து அது துளித்துளியாகப் பிரிந்து இலைத்துளை வழியே வெளியேறும். அதைத் தின்று வாழும் இந்தப் பாக்டீரியா, ஆக்சின், சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளைச் செடிக்குத் தருகிறது.

வறட்சியில் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஈரம் குறைந்ததும் செடி எத்திலீன் வாயுவை அதிகமாக உண்டாக்கும். இலை பழுப்பது, பூ உதிர்வது, பிஞ்சு கொட்டுவது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. செடிக்கு அது சிக்கனம், நமக்கு நஷ்டம். எத்திலீன் உருவாகும் முன் ஏசிசி என்றொரு பொருள் உருவாகிறது. அதைச் சிதைத்து அதிலுள்ள நைட்ரஜனை உணவாக்கிக்கொள்ளும் நொதி, மெத்தைலோபாக்டீரியம் வகைகள் பலவற்றிலும் வேரை ஒட்டி வாழும் சில சூடோமோனாஸ் வகைகளிலும் இருக்கிறது. ஏசிசி குறைந்தால் எத்திலீனும் குறையும், பூவும் பிஞ்சும் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும். உப்பு மண்ணில் வளரும் பயிருக்கும் இதே வழியில் உதவி கிடைக்கிறது.

அதற்காக, மண்ணில் இல்லாத தண்ணீரை எந்த நுண்ணுயிரும் கொண்டுவந்துவிடாது. மத்தியானம் வதங்கிய பயிர் சாயங்காலம் நிமிர்கிறதா என்று பாருங்கள். நிமிர்ந்தால் தெளிக்கலாம். விடிகாலையிலும் தலை தொங்கியே நின்றால் காசை மிச்சம் பிடியுங்கள். மழை நின்று, மேல்மண் காயத் தொடங்கும்போதே தெளிப்பதுதான் சரியான பருவம். பூக்கும் சமயமாக இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

அப்புறம், கையாளும் விதம். வண்டியின் பக்கப் பெட்டியில் பாட்டிலை வைத்து வெயிலில் சுற்றிவிட்டு, முந்தின நாள் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடித்த டேங்கை ஒப்புக்கு அலசி அதிலேயே ஊற்றுகிறார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் பொருளின் மிச்சத்தில் பாக்டீரியாவைக் கலந்தால் என்ன மிஞ்சும்? பூச்சிமருந்து, பூஞ்சாணக்கொல்லி எதுவும் இதோடு கலக்கக் கூடாது, முன்னும் பின்னும் ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வாங்கும்போதே தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் நான் வாங்க மாட்டேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தயாரிக்கும் திரவம் கிடைத்தால் நல்லது.

வறட்சிக்கு இன்னொரு துணை, வேம் என்கிற வேர் உட்பூசணம். அதன் இழைகள் வேர்த்தூவியைவிட மெல்லியவை, வேர் எட்டாத மண் இடுக்கிலும் நுழைந்து மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) ஈரத்தையும் இழுத்துவரும். உயிருள்ள வேர் இல்லாமல் அது பெருகாது, அதனால் நாற்றங்காலிலேயே இட்டுவிட வேண்டும். மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அள்ளிக் கொட்டும் மண்ணில் செடி இந்தப் பூசணத்தைச் சரியாகச் சேர்த்துக்கொள்ளாது. இன்னொன்று, கடுகுக் குடும்பத்துச் செடிகளின் வேரில் அது ஒட்டுவதில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் அந்தக் குடும்பம்தான். காலிஃபிளவர் நாற்றுக்கென்று யாராவது உங்களிடம் வேம் விற்றிருந்தால், மூட்டையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள். இல்லையா, பக்கத்தில் மிளகாய் நாற்று விட்டிருப்பவரிடம் தள்ளிவிடுங்கள்.