சருகுக்குள் ஒரு குழிவிரியன்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையின் மழை மிகுந்த பகுதிகளிலும் சருகோடு சருகாகக் கிடக்கும் சிறு பாம்பு, திமில்மூக்குக் குழிவிரியன். நீளம் பெரும்பாலும் 30 முதல் 45 செ.மீ., அதாவது இரண்டு சாணுக்குள். பழுப்பு உடலில் கருமையான முக்கோணத் திட்டுகள் இரு வரிசையாக ஓடும். மூக்கின் நுனி மேலே தூக்கி, சின்னத் திமில் போலப் புடைத்திருக்கும்.

கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு குழி உண்டு. அதற்குள் மெல்லிய சவ்வு ஒன்று, முன்னும் பின்னும் காற்று இருக்கும்படி தொங்குகிறது. வெளியிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் பட்டதும் சவ்வு சட்டென்று சூடேறும். அதிலுள்ள நரம்பு நுனிகள் மூளைக்குச் சேதி அனுப்பும். சவ்வு தடித்திருந்தால் சூடு தேங்கி, நகரும் இரையின் தடம் கலங்கிவிடும். இதன் இரை பெரும்பாலும் பல்லி, அரணை, தவளை. அவற்றுக்கு உடற்சூடு கிடையாதே என்று கேட்கலாம். குழி உணர்வது சுற்றுப்புறத்துக்கும் இரைக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை. ஈரத் தோல் கொண்ட தவளை சருகைவிடக் குளிர்ந்திருந்தாலும் அது வேறுபாடுதான்.

இது இரையைத் துரத்தாது. சுருண்டு, தலையை 45 பாகைச் சாய்வில் நிமிர்த்திக் காத்திருக்கும். குட்டிகள் வெளிறிய வால் நுனியைப் புழுப்போல நெளித்துத் தவளையை அருகே வரவழைக்கும். ஆபத்தும் இந்த அசையாமையில்தான் இருக்கிறது: ஆள் வந்தாலும் விலகி ஓடாது. அதனால் இருட்டில் வெறுங்காலோடு நடப்பவரும், சருகு அள்ளுபவரும் கடிபடுகிறார்கள். இலங்கையில் நச்சுப் பாம்புக் கடிகளில் மிகுதியானவை இந்தக் குழிவிரியன்களுடையவை.

இதைச் சுருட்டை விரியன் என்று தவறாக எண்ணுவது அடிக்கடி நடக்கிறது. தலையைப் பாருங்கள்: சுருட்டையின் தலை முழுக்கப் பொடிச் செதில்கள், இதற்கு மூக்குப் பகுதி தவிர, உச்சந்தலையில் பெரிய தகடுகள் உண்டு. கடிபட்டால் மருத்துவரிடம் காட்டப் புகைப்படம் எடுக்க முடிந்தால் தூரத்திலிருந்தே எடுங்கள். அடித்துக் கொன்று கொண்டுவர வேண்டாம்.

சுருட்டை என்று தவறாக எண்ணுவது சிகிச்சையைக் கெடுக்கும். இந்தியாவின் கூட்டு நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கே தயாராகிறது. குழிவிரியன் நஞ்சை அது முறிக்காது. ஏற்றினால் ஒவ்வாமை ஆபத்து மட்டும் மிஞ்சும். பலருக்கு வலி, வீக்கம், கொப்புளத்தோடு நின்றுவிடும். சிலருக்கு இரத்தம் உறையாமை, இன்னும் சிலருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு வருகிறது. எடுத்த இரத்தம் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கும் இரத்த உறைவுச் சோதனை சரியாக இருப்பதை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்த நஞ்சு உண்டாக்கும் லேசான குறைபாடு அதில் தப்பிவிடலாம். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவையும் சிறுநீரின் அளவையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். கடித்த இடத்தில் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் தசை அழுகலைக் கூட்டும்.