செடி வாங்கும் முன் வெயிலைப் பாருங்கள்

“மல்லிகை நட்டு ஒரு வருஷம் ஆச்சு. இலை கொத்துக் கொத்தா வருது, பூவைத்தான் காணோம். என்ன உரம் போடலாம்?”

என்னைக் கூப்பிடுகிறவர்களில் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். உரத்தைப் பற்றி நான் உடனே பேசுவதில்லை. உங்கள் வீட்டுத் தாழ்வாரம் எந்தத் திசை பார்த்தது என்றுதான் முதலில் கேட்பேன்.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்கும் சில தரை வீடுகளுக்கும் பூந்தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதில் தவறியிருக்கிறேன். யீஷூனில் ஓர் அம்மா, சாமிக்கு வீட்டுப் பூ வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் போய்ப் பார்த்தது ஜூலை மாதம். வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் வெயில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. நான்கு மல்லிகைத் தொட்டிகள் வைத்துக் கொடுத்தேன். செப்டம்பர் வரை கை நிறையப் பூத்தது. டிசம்பரில் கூப்பிட்டார். “மொட்டே இல்லை தம்பி, கொடி மட்டும் நீண்டுக்கிட்டே போகுது. யாரோ கண்ணு வச்சிட்டாங்க.” நேரில் போய் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. தாழ்வாரத்தில் ஒரு பொட்டு வெயில்கூட இல்லை.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் 21, செப்டம்பர் 23 தேதிகளை ஒட்டி நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். மார்ச்சுக்குப் பிறகு ஆறு மாதம் வடக்கே சாய்ந்திருக்கும், அடுத்த ஆறு மாதம் தெற்கே போய்விடும். அதனால் வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் நடு ஆண்டில் வெயில், ஆண்டுக் கடைசியில் நிழல். தெற்குப் பார்த்ததில் இது தலைகீழ். போதாக்குறைக்கு நவம்பர், டிசம்பரில் மழை மேகம் வேறு. கிழக்கும் மேற்கும் பார்த்த வீடுகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. காலை வெயிலோ மாலை வெயிலோ ஆண்டு முழுக்கக் கிடைக்கும், எதிர்ப் புளோக் மறைக்காமல் இருந்தால்.

செடி வாங்கும் முன் ஒரு சாக்பீஸ் வாங்குங்கள் என்று இப்போதெல்லாம் சொல்கிறேன். மழை இல்லாத ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணி தொடங்கி மாலை 6 மணி வரை, மணிக்கு ஒருமுறை, வெயில் விழும் இடத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். நம் ஊரில் உச்சிவேளை 12 மணி அல்ல, 1 மணியை ஒட்டி வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஜூனை ஒட்டி ஒருமுறையும் டிசம்பரை ஒட்டி இன்னொரு முறையும் இதைச் செய்து பார்த்தால் உங்கள் வீட்டு வெயிலின் கணக்கு முழுதாகக் கிடைத்துவிடும்.

கோடு போட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கைப்பிடிச் சுவரை ஒட்டித்தான் எல்லாரும் தொட்டியை வைக்கிறோம். நண்பகலில் அந்தச் சுவரின் நிழல் விழுவது சரியாக அந்த இடத்தில்தான். ஓரடி தள்ளித் தரை வெயிலில் சுடும், தொட்டியோ நிழலில் இருக்கும். ஒன்றரை அடி உயரத்தில் உறுதியான இரும்பு ஸ்டாண்டு ஒன்று போட்டுத் தொட்டியை ஏற்றினால் செடிக்கு வெயில் எட்டும். ஆனால் சுவரின் மேல் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். பத்தாவது மாடியிலிருந்து விழும் சின்னத் தொட்டிகூட ஆளைக் கொன்றுவிடும்.

ஆறு மணி நேரம் நேர் வெயில் கிடைக்கும் இடம் மல்லிகை, செம்பருத்தி, காகிதப்பூவுக்கு. மூன்று, நான்கு மணி நேரம்தான் என்றால் நந்தியாவட்டையும் கனகாம்பரமும் வையுங்கள், ஏமாற்றாது. வெளிச்சம் மட்டும் உள்ள மூலைக்குப் பீஸ் லில்லி போதும். செவ்வந்தியைச் சீனப் புத்தாண்டுக்கு வாங்கி, வாடியதும் மனம் நோகாதீர்கள். அது குளிர்ந்த மலையில் வளர்ந்து வந்த செடி, நம் வெக்கை அதற்கு ஆகாது. அரளியும் பாலைவன ரோஜாவும் நச்சுச் செடிகள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவற்றை நான் வைத்துத் தருவதில்லை, எவ்வளவு கேட்டாலும்.

மல்லிகையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அது புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு விடும். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். பலருக்குக் கை வருவதில்லை. வெட்டாவிட்டால் கொடியாக ஓடி இலைதான் மிஞ்சும்.

இடத்தைத் திட்டமிடும்போது டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் எந்நேரமும் காலியாக இருக்க வேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. ஸ்ட்ரெச்சர் போக வேண்டிய வழி அது. இருபது சின்னத் தொட்டிகளை வரிசை கட்டுவதைவிட ஐந்து பெரிய தொட்டிகள் பார்க்கவும் அழகு, பராமரிக்கவும் எளிது. வேருக்கு இடம் இருக்கும், ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செடி தாங்கும். வாசலில் நின்று பார்த்தால் பின்னால் உயரமான செடி, முன்னால் குட்டையானது, கோலம் போடும் இடம் காலி. இவ்வளவு போதும்.

அப்புறம் கொசு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். அதன் முட்டை தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே தொட்டித் தட்டில் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே இல்லாமல் சமாளிக்க முடிந்தால் இன்னும் நல்லது. மண் இறுகிப்போனால் மேலே தண்ணீர் தேங்கும், அங்கேயும் முட்டையிடும். வாரம் ஒருமுறை பழைய முள்கரண்டியால் மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். டெங்கி வந்த வீட்டில் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

யீஷூன் அம்மா வீட்டுக்கு மறுபடி போய்த் தாழ்வாரத்தில் நந்தியாவட்டையும் கனகாம்பரமும் வைத்தேன். மல்லிகைத் தொட்டிகளில் இரண்டுக்குச் சக்கரப் பலகை போட்டேன். அவருடைய வீட்டில் சமையலறை ஜன்னல் தெற்குப் பார்த்தது. செப்டம்பர் கடைசியில் பேரன் அந்த இரண்டையும் உருட்டிக்கொண்டு போய் ஜன்னலடியில் நிறுத்துகிறான், மார்ச் முடிவில் திரும்பத் தாழ்வாரத்துக்குக் கொண்டு வருகிறான். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் பூ கொஞ்சம் குறைவுதான். சாமி படத்துக்கு அன்றாடம் நாலு பூ கிடைத்துவிடுகிறது என்கிறார்.