கணினிப் பெட்டி வாங்கும் முன் பிளக் பாயிண்டின் மூன்றாவது துளையைப் பாருங்கள்

போன தை மாதம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து ஆச்சி ஒருவர் கூப்பிட்டிருந்தார். "தம்பி, பேரன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். துடைக்கப் போனால் கையில் சுருக் சுருக்கென்று கடிக்கிறது. உள்ளே எறும்பு புகுந்துவிட்டதா என்று பார்" என்றார்.

எறும்பு இல்லை என்பது போனிலேயே தெரிந்துவிட்டது. காரைக்குடியில் இருந்துகொண்டு இந்தப் பகுதி வீடுகளுக்கு ஹோம் தியேட்டரும் அதற்கான கணினியும் அமைத்துத் தருவது என் தொழில். இந்தச் 'சுருக்'கை எத்தனையோ வீடுகளில் என் விரலும் உணர்ந்திருக்கிறது. போய் மெயினை அணைத்துவிட்டு, பட்டாலைக் கூடத்தில் இருந்த பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தேன். முன்னால் மூன்று துளை, பின்னால் இரண்டே கம்பி. பெரிய துளைக்குப் பின்னால் பித்தளை மட்டும் இருந்தது. மறுபடி மின்சாரம் கொடுத்து, கணினியின் தகரப் பெட்டிக்கும், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிக்கும் இடையே மீட்டரை வைத்தேன். 108 வோல்ட்.

எந்த பிராசஸர் வாங்கலாம், எத்தனை ஸ்பீக்கர் வைக்கலாம் என்று கேட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். உங்கள் வீட்டில் எர்த், அதாவது அந்த மூன்றாவது துளையிலிருந்து மண்ணுக்குப் போகும் கம்பி, இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டால், அது எதற்கு என்பதுபோலப் பார்க்கிறார்கள். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணினியின் பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று மின்சாரம் வரும் பேஸ் கம்பிக்கும் தகரப் பெட்டிக்கும் நடுவில், இன்னொன்று நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் நடுவில். எர்த் கம்பி இருந்தால் அவற்றின் வழியே கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி இரண்டுக்கும் நடுவே தொங்கிக்கொண்டு, 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியைத் தாங்கி நிற்கும். கசிவு பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, கடிக்கும். ஆனால் அதே பவர் சப்ளையில் உள்காப்பு பழுதானால் பெட்டியில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். ஈரக் கையோடு ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலுடன் நின்று துடைப்பவரின் கதி அப்போது என்ன ஆகும்?

ஃபிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும்கூட எர்த் தேவைதானே, ஹோம் தியேட்டர் கணினிக்கு மட்டும் என்ன தனி என்று கேட்கலாம். ஃபிரிட்ஜ் தனியாக நிற்கிறது. இந்தக் கணினி வீட்டின் எல்லாக் கம்பிகளும் கூடும் சந்தி. டிவிக்கு எச்டிஎம்ஐ, ஆம்ப்ளிஃபயருக்கு ஆடியோ, ரவுட்டரிலிருந்து லேன், அதே டிவியில் கேபிள் பெட்டி, அந்தப் பெட்டிக்குள் தெருக் கம்பத்திலிருந்து இறங்கும் கோஆக்சியல் ஒயர். ஒவ்வொன்றும் தன் பங்குக் கசிவைக் கொண்டுவருகிறது. இதில் மோசமானது கேபிள் ஒயர். கம்பத்து ஆம்ப்ளிஃபயரின் கசிவு அதன் மேல் உறை வழியாக வீட்டுக்குள் வரும். கணினிப் பெட்டியில் ஒரு மின்னழுத்தம், கேபிள் உறையில் வேறொரு மின்னழுத்தம் இருக்கும்போது, எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டு எச்டிஎம்ஐ ஒயரைச் செருகினால் முனையில் பொட்டென்று ஒரு பொறி தெறிக்கும். அதன் பிறகு அந்த போர்ட்டில் படம் வராது. "டிவியே மட்டம்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். டிவி மேல் குற்றம் இல்லை.

ஆகவே எல்லா ஒயர்களையும் செருகிய பிறகு, கடைசியாக மின்சாரம். கழற்றும்போது முதலில் மின்சாரம். கேபிள் ஒயர் டிவிக்குப் போகும் வழியில், உறை வழியே வரும் கசிவைத் தடுக்கும் ஐசலேட்டர் ஒன்று போடச் சொல்லுங்கள். கணினி, டிவி, ஆம்ப்ளிஃபயர் மூன்றும் ஒரே இடத்துப் பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். இது நம் வீடுகளுக்கு மிக முக்கியம். பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் வீடுகளில் முகப்புக்கு ஒரு மீட்டர், உள்முற்றத்தைச் சுற்றிய வளவு அறைகளுக்கு வேறு மீட்டர் என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். புரொஜெக்டர் ஒரு மீட்டரிலும் கணினி இன்னொரு மீட்டரிலும் இருந்தால், இரண்டு எர்த்தையும் எச்டிஎம்ஐ ஒயர் இணைத்துவிடும். அந்த மெல்லிய கம்பி அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல.

இங்கே இரண்டு தவறுகளைச் சொல்லியாக வேண்டும். இரண்டையும் செய்பவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்பதுதான் என் கோபம்.

எர்த் கேட்டால், பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு சின்னத் துண்டு ஒயரை எர்த் துளைக்கு மாட்டிவிடுவது முதல் தவறு. சுருக்கென்று கடிப்பது நின்றுவிடும், வீட்டுக்காரரும் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிடுவார். என்றைக்காவது ஒருநாள் மீட்டர் பக்கம் நியூட்ரல் அறுந்தால், அல்லது வேறு வேலைக்கு வந்தவர் பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், வீட்டிலுள்ள தகரம் அத்தனையிலும் 230 வோல்ட் நிற்கும். உங்கள் வீட்டில் யாராவது அப்படி மாட்டியிருந்தால் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறது என்பதற்காக ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது. இரைச்சல் நின்றுவிடுவது உண்மைதான். எர்த் இரண்டு வழியாக வட்டமிடுவதால்தான் அந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் எழுகிறது, பின்னை வெட்டினால் வட்டம் அறுகிறது. உயிர்க்காப்பும் சேர்ந்து அறுகிறது. சரியான வழி வேறு: முதலில் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் முனகல் அங்கிருந்துதான் வருகிறது. அப்போதும் நிற்கவில்லையென்றால் டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆப்டிகல் ஆடியோ ஒயர் போடுங்கள். அதில் ஒளிதான் போகிறது, உலோகம் இல்லை, முனகல் ஏற வழியே கிடையாது. டால்பி டிஜிட்டல் 5.1 அதில் நன்றாகவே வரும்.

சரி, எர்த் போடுவது எப்படி? தோண்டி, துத்தநாகம் பூசிய இரும்பு (ஜிஐ) பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுவது எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043 பைப் குறைந்தது 2.5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்கிறது. நான்கடிக் குழியோடு நிறுத்துபவரை ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் மண்ணுக்கு இதோடும் முடியாது. செம்புறாங்கல்லும் வறண்ட செம்மண்ணும் மின்சாரத்தை எளிதில் வாங்கிக்கொள்ளாது, ஈரம் இருந்தால்தான் வாங்கும். வாசல் பக்கம் அழகாகத் தொட்டி கட்டி மூடிய எர்த், கோடையில் வெறும் பைப்பாகத்தான் நிற்கிறது. எர்த்தைக் கிணற்றடியில், அல்லது அடுப்படிக் கட்டின் கழிவுநீர் போகும் பக்கம் வையுங்கள். கம்பி கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். இழுக்கட்டும்.

போட்ட பிறகு சோதிக்கச் சொல்லுங்கள். மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டுகிறது என்று சொல்லி முடித்துக்கொள்ளக் கூடாது. மீட்டர் மிகச் சிறிய மின்சாரத்தில் அளப்பதால், அரைகுறை எர்த்தும் அதில் நல்ல எர்த்போலத் தெரியும். 100 வாட் குண்டு பல்பு வைத்த டெஸ்ட் லாம்பை எலக்ட்ரீஷியன் பேஸுக்கும் எர்த்துக்கும் கொடுக்கும்போது, நியூட்ரலுக்குக் கொடுத்தபோது எரிந்த அதே வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கினால் எர்த் போதாது. கசிவு தெரிந்ததும் தானே மின்சாரத்தை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கும் லைனில் இந்தச் சோதனை செய்தால் அது உடனே விழும், விழுவதுதான் சரி. அந்த ஆர்சிசிபி இல்லாத வீட்டில் நான் கணினி அமைப்பதில்லை. பழைய வயரிங்கில் இரண்டு லைனுக்கு ஒரே நியூட்ரல் போட்டிருப்பதால் அது அடிக்கடி விழும். தொல்லை என்று அதைத் தாண்டிக் கம்பி கொடுத்துவிடும் ஆட்களும் உண்டு. விழுகிறதென்றால் வயரிங்கைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு பெட்டி. அது எளிது. படம் பார்க்க மட்டும் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். இன்டெல் என்100 போன்ற 6 வாட் பிராசஸரே 4கே படங்களை அலுங்காமல் ஓட்டும், எச்இவிசி, ஏவி1 என்ற வீடியோ சுருக்க முறைகள் இரண்டையும் வன்பொருளிலேயே பிரித்துவிடும். 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். ஃபேன் இல்லாத பெட்டியானால் தூசியும் பல்லியும் குறைவு. பவர் சப்ளைக்குள் பல்லி கருகிக் கிடப்பதை நான் வருடத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறேன். காலியான போர்ட்டுகளில் குளவி மண் கூடு கட்டும், ரப்பர் மூடி போட்டு வையுங்கள். தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் பெட்டி வெந்துபோகும். பின்பலகையில் துளை போட மனம் வராவிட்டால் அலமாரிக்கு மேலே வையுங்கள்.

படம் ஓட்டும் கோடி (Kodi) என்ற மென்பொருளில் 'காட்சிப் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்று' என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். சினிமா நொடிக்கு 24 பிரேம்கள், டிவி 60. பொருந்தாததால்தான் கேமரா நகரும்போது படம் தத்துகிறது. ஓடிடி படங்களை மட்டும் டிவியின் சொந்தச் செயலியில் பாருங்கள். கணினியின் பிரவுசரில் பல நேரம் முழுத் தரம் கிடைக்காது. சுவர் தடித்த வீடுகளில் வைஃபையை நம்பாமல் லேன் ஒயர் இழுங்கள். முட்டை வெள்ளை கலந்து மெருகேற்றிய சுவரும் பளிங்குத் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். வசனம் புரியவில்லை என்று வால்யூமைக் கூட்டுவதால் பயனில்லை, தரையில் கனத்த ஜமுக்காளம் விரியுங்கள், எதிர்ச் சுவரில் திரை தொங்கவிடுங்கள்.

இன்வர்ட்டர் இருந்தால் அதை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் அந்த இடைவெளியில் கணினி அணைந்து மறுபடி தொடங்கும்.

அந்த ஆச்சி வீட்டில் பேரன் கணினி வைத்ததே படம் பார்க்க அல்ல. ஆச்சியின் கணவர், ஐயாவின் அறுபதாம் கல்யாண விஎச்எஸ் வீடியோ கேசட் ஒன்று இருந்தது, அதைக் கணினிக்கு மாற்றி வைக்கத்தான். ஐயா இப்போது இல்லை. விஎச்எஸ் பிளேயர் உலகத்திலேயே கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனம் ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது. ஓடும் பிளேயர் கையில் கிடைக்கும்போதே கேசட்டைக் கணினிக்கு மாற்றிவிடுவது நல்லது. பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், முதலில் சுத்தம் செய்ய வேண்டும். மாற்றியதை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைக்காதீர்கள். ஒரு பிரதி இங்கே, ஒன்று சென்னையிலோ வெளிநாட்டிலோ மகன் வீட்டில் இருக்கட்டும். வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களில் ஓர் இடி போதும், உங்களிடம் இருந்த ஒரே பிரதியும் போய்விடும்.

ஊருக்குத் திரும்பும்போது சுவிட்சை அணைப்பதோடு விடாதீர்கள். பிளக்கை உருவுங்கள், கேபிள் ஒயரையும் லேன் ஒயரையும் கழற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி அணைத்த சுவிட்சைத் தாண்டிக் குதிக்கும். ஆறு மாதம் கழித்து வந்து ஆன் செய்யும்போது இன்டர்நெட் இருந்தும் எந்தத் தளமும் திறக்காவிட்டால் பயப்பட வேண்டாம். போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசு அளவு பேட்டரி தீர்ந்து, கணினி பழைய தேதியைக் காட்டுகிறது என்று அர்த்தம். தேதி தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கணினி ஏற்காது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.

ஆச்சி வீட்டில் எலக்ட்ரீஷியன் கிணற்றடியில் எர்த் போட்டு, மூன்றாவது கம்பியைப் பட்டாலை வரை இழுத்துக் கொடுத்தார். மீட்டரை மறுபடி வைத்தேன், ஒரு வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. ஆச்சி கையை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு, தான் மகன் வீட்டுக்குப் போகும் மாதங்களில் சாவி வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, விளக்கேற்ற வரும் வெள்ளிக்கிழமைகளில் கிணற்றடியில் அந்தக் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகச் சொன்னார்.